எனக்காகத் தாழ்த்திய கார்

அண்ணை கார் வாங்கி வந்த அன்று எல்லாரும் அதன் விளக்குகளைப் பார்த்தார்கள், ஊதுகுழலை அமுக்கிப் பார்த்தார்கள், தோல் இருக்கையைத் தடவிப் பார்த்தார்கள். நான் பார்த்தது அதன் மிதிபலகையை. அது என் முழங்காலுக்கு மேலே நின்றது.

அரியாலையில் எங்கள் ஒழுங்கைக்குள் வந்த முதல் கார் அதுதான். மலைநாட்டுத் தோட்டத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. அண்ணை கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், கிளாக்கராக இருந்தார். கந்தோருக்குக் காரில் போய் இறங்க வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை. ஐயா, எங்கள் தகப்பன், தோட்டக்காரர். புகையிலைக்கு இறைத்துக் காய்த்துப்போன கையால் காரின் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "குதிரை மாதிரி உயரமா நிக்குது" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு வலது கால் ஏலாது. நடை பழகுகிற வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு அந்தக் கால் மெலிந்து கட்டையாகிவிட்டது. கையை முழங்காலில் ஊன்றி ஊன்றி நடப்பேன். வீட்டுக்குள், வளவுக்குள், கிணற்றடிக்குப் போக எனக்கு எவருடைய உதவியும் தேவைப்பட்டதில்லை. தண்ணீர் அள்ளுவேன், மா இடிப்பேன். ஆனால் உயரமான படி ஒன்று முன்னால் வந்துவிட்டால் நின்றுவிடுவேன்.

காரில் முதல்முதலாக நல்லூர்த் திருவிழாவுக்குப் போனோம். அண்ணை என் கக்கத்துக்குள் கைகொடுத்துத் தூக்க, அம்மா பின்னால் நின்று தள்ள, ஒருமாதிரி உள்ளே போய் விழுந்தேன். சேலை மேலேறி, அந்தச் சூம்பிய கால் முழுக்க வெளியே தெரிந்தது. வேலிக்கு அப்பால் அயலட்டைச் சனம் எல்லாம் கார் பார்க்க வந்து நின்றது. நான் கல்யாண வயது வந்து, அதுவும் கடந்துகொண்டிருந்த பெண். அன்று சுவாமி எந்த வாகனத்தில் வெளிவீதிக்கு வந்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. திரும்பவும் அந்தக் காரில் ஏறவேண்டுமே என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. கோயில் வாசலில், அத்தனை ஆட்களுக்கு நடுவில், திரும்பவும் தூக்கினார்கள்.

அதற்குப் பிறகு எங்கே போவதென்றாலும் நான் தலையிடி என்று சொல்லி வீட்டில் நின்றுகொண்டேன்.

சில மாதம் கழித்து அண்ணை கந்தோர் வேலையாகக் கொழும்புக்குப் போய் வந்தார். வந்த அன்று பின்னேரம் பெரியம்மாவின் மகன், எங்கள் மற்ற அண்ணை, வந்திருந்தார். இரண்டு பேரும் காருக்குப் பக்கத்தில் நின்று கதைத்தார்கள். கறுவாத்தோட்டத்துப் பெரிய வீடொன்றிலிருந்து வெளியே வந்த ஒரு காரைப்பற்றி அண்ணை சொல்லிக்கொண்டிருந்தார். "நிலத்தைத் தடவிக்கொண்டு போகுதடா. இதைப் பார், வைக்கல் வண்டில் மாதிரி." நான் குசினிக்குள் அடுப்படியில் இருந்து கேட்டேன். கேட்டதோடு விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் சாப்பிடும்போது அண்ணை ஐயாவிடம் சொன்னார்.

"ஐயா, காரின்ரை உயரத்தைக் குறைக்கப்போறன்."

"ஏன்? அது ஓடுதுதானே?"

"ஓடுது. தங்கச்சி ஏற ஏலாமல் கிடக்குது. அவள் ஒரு இடமும் வாறாளில்லை. கண்டனீங்கள்தானே?"

ஐயா சோற்றிலிருந்து கையை எடுத்தார். "எங்கடை ஒழுங்கை முழுக்கக் கல்லு. காரின்ரை வயிறு இழுபடும். துரைமார் செய்தது காரணத்தோடைதானே செய்திருப்பினம்?"

"அப்ப அவள் சாகுமட்டும் வீட்டுக்குள்ளையே கிடக்கட்டோ?"

ஐயா என்னை ஒருமுறை பார்த்தார். "சரி, செய்" என்றார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்காக ஒருவர் ஐயாவை எதிர்த்துக் கதைத்ததை அன்றுதான் முதல்முதல் கேட்டேன். அந்த இரவு கண்ணீர் வந்தது. சந்தோசக் கண்ணீர்தான்.

வேலை எங்கள் வளவிலேயே வேப்பமரத்துக்குக் கீழே நடந்தது. காரைக் கிளப்பிப் பனங்குற்றிகளில் ஏற்றி நிறுத்தினார்கள். சில்லுகளைக் கழற்றினார்கள். ஒவ்வொரு சில்லின் பக்கத்திலும் வில்லுப் போல வளைந்த இரும்புப் பட்டைகள், நீளமானது மேலே, கட்டையானது கீழே என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருந்தன. காரின் பாரம் முழுவதையும் தாங்கி ஏறி இறங்குவது அந்த வில்லுகள்தான். வளைவு கூடியிருந்தால் கார் உயர்ந்து நிற்கும். ஆகவே பட்டைகளில் சிலவற்றை எடுத்துவிடுவது, மிச்சத்தை நெருப்பில் காய்ச்சி அடித்து வளைவைக் குறைப்பது. இதுதான் அண்ணையின் திட்டம். எந்தக் கொல்லனையும் கூப்பிடவில்லை. "உதுக்கென்ன, நாங்களே செய்வம்" என்றார்.

நானும் வேலை செய்தேன். பட்டைகளில் ஊறிப்போயிருந்த துருவை மண்ணெண்ணெயும் மணலும் போட்டுத் தேய்த்துக் கழுவியது நான். பட்டைக்குப் பட்டை இடையில் கொழுப்புப் பூசியதும் நான். விரலிடுக்கெல்லாம் கறுத்து, சோறு தின்னும்போதும் மண்ணெண்ணெய் மணத்தது. "பொம்பிளைப் பிள்ளை செய்யிற வேலையே உது?" என்று அம்மா ஏசினார். எனக்கு அது ஏச்சாகவே படவில்லை. சிரட்டைக்கரியைக் குழிக்குள் கொட்டி மூட்டினார்கள். நான் சுளகால் விசிறினேன். பட்டை சிவக்கும், குறட்டால் எடுத்து ஒரு தண்டவாளத் துண்டில் வைத்து அண்ணைமார் இரண்டு பேரும் மாறி மாறிச் சுத்தியலால் அடிப்பார்கள். பிறகு மணலில் போட்டு ஆறவிடுவார்கள். அப்படிக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் வில்லு எதிர்த்து நிற்கிற குணத்தை இழந்துவிடும் என்பது அண்ணைக்குத் தெரியாது. எங்களில் எவருக்கும் தெரியாது.

எல்லாம் பூட்டி முடித்துக் காரை நிலத்தில் இறக்கினபோது அது பழைய கார்போல இல்லை. பதிந்து, நீண்டு, அழகாகத்தான் நின்றது. அண்ணை படலையடிக்குப் போய் நின்று பார்த்தார், பிறகு கிணற்றடியில் நின்று பார்த்தார், குந்தியிருந்தும் பார்த்தார்.

நான் பக்கத்தில் போய் இடது காலை மிதிபலகையில் வைத்தேன். கதவைப் பிடித்து ஒரு உன்னல். உள்ளே இருந்தேன். எவரும் தொடவில்லை. நான் இறங்கி, திரும்பவும் ஏறினேன். அம்மா குசினி வாசலில் நின்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"அண்ணை, நல்லா இருக்குது" என்றேன்.

"ஓம், இப்பதான் கார் மாதிரிக் கிடக்குது" என்றார் அவர், காரைப் பார்த்தபடி.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் போல என் வாழ்க்கையில் வேறு மாதங்கள் வந்ததில்லை. எனக்குத் தையல் நன்றாக வரும். பட்டணத்தில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஒரு மதர், நான் தைத்த சட்டையொன்றை யாரோ ஒரு பிள்ளை போட்டிருக்கக் கண்டு விசாரித்தார். பெண்பிள்ளைகளுக்குத் தையல் படிப்பிக்க ஆள் வேண்டும், வருவேனா என்று கேட்டு அனுப்பினார். அண்ணை கந்தோருக்குப் போகிற வழிதான். ஐயா சம்மதித்தார். காலையில் காரில் ஏறுவேன், பள்ளிக்கூட வாசலில் நானே இறங்குவேன், பின்னேரம் நானே ஏறுவேன். குருநகர்ப் பிள்ளைகள் கனபேர் என் வகுப்பில் இருந்தார்கள். வலை பின்னுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுக்கத் தேவையே இல்லை. கை தன்பாட்டில் போகும். என்னை "ரீச்சர்" என்று கூப்பிட்டார்கள். வீட்டில் எனக்குப் "பிள்ளை" என்ற பேர், வெளியில் "அந்த நொண்டிப்பிள்ளை" என்ற பேர். மூன்றாவதாக இப்படி ஒரு பேர் இருக்கும் என்று நான் நினைத்ததேயில்லை.

கார்தான் கொஞ்சம் கொஞ்சமாக இன்னும் பதிந்துகொண்டு வந்தது. இரண்டு பேர் ஏறினால் பரவாயில்லை. ஐந்தாறு பேர் ஏறினால் சில்லு மட்கார்ட்டில் உராய்ந்து மணக்கும். ஒழுங்கைக் கல்லில் அடிவயிறு இழுபடும்போதெல்லாம் அண்ணை பல்லைக் கடிப்பார்.

அந்த நேரத்தில் அண்ணைக்கு அளவெட்டியில் ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் தகப்பன் கோட்டில் வழக்குப் பேசுகிற, பெயர்பெற்ற பிரக்கிராசி. கல்வீடு, வயல், தோட்டம் எல்லாம் உண்டு. பேசி முடிக்கிற நாளுக்கு நாங்கள் போகவேண்டும். மாப்பிள்ளையே கார் ஓட்டிக்கொண்டு போவது முறையில்லை என்று ஐயா சொன்னார். ஆனால் வேறு எவருக்கும் ஓட்டத் தெரியாது. அம்மா என்னை மெல்ல அறைக்குள் கூப்பிட்டு, "பிள்ளை, நீ வீட்டிலை நில்லன்" என்றார். அது ஐயாவின் காதில் விழுந்துவிட்டது.

"அவளும் வரட்டும். தரகரிட்டைச் சொல்லித்தானே விட்டனாங்கள். மறைச்சுச் செய்ய என்ன கிடக்கு?"

முன்னுக்கு அண்ணையும் ஐயாவும். பின்னுக்கு அம்மா, பெரியம்மா, அம்மான், நான். மடியில் பலகாரத் தட்டங்கள், காலடியில் வாழைக்குலை. சுன்னாகம் தாண்டும் வரைக்கும் பெரிய கரைச்சல் இல்லை. பெண் வீட்டுப் படலைக்கு முன்னால் சுண்ணாம்புக்கல் நிலத்திலிருந்து முதுகு மாதிரி எழும்பி நின்றது. மாட்டு வண்டில்கள் அதன்மேல் ஏறி இறங்கித்தான் போய்வந்தன. அண்ணை வேகத்தைக் குறைத்து ஏற்றினார். 'கிறீச்' என்று ஒரு சத்தம். கார் வயிற்றால் அந்தக் கல்லில் குந்திவிட்டது. பின்சில்லு சும்மா சுற்றிப் புழுதியைக் கிளப்பியது. முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது.

பெண் வீட்டு ஆம்பிளைகள் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். எங்களை வரவேற்க நின்றவர்கள், வேட்டியை மடித்துக் கட்டவேண்டி வந்தது. பாரம் குறைய எல்லாரும் இறங்கினோம். நானும் இறங்கிக் கிளுவைவேலி ஓரமாக நின்றேன். பெண்ணின் தாய்மாமன், பருத்த மனுசன், காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன தம்பி, உம்மடை கார் குந்திப்போட்டுது? காலில்லையோ இதுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். யன்னல் பக்கம் நின்ற பெண்களின் சிரிப்பும் கேட்டது. அவர்களில் கல்யாணப் பொம்பிளையும் இருந்திருப்பாள். அண்ணையின் முகம் சிவந்து கறுத்தது. அவர் காரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கையை நீட்டி என்னைக் காட்டினார்.

"காரிலை ஒரு குறையுமில்லை. நல்ல உயரமா நிண்ட கார். இவளுக்குக் கால் ஏலாது. இவள் ஏற ஏலாதெண்டு பட்டையைக் கழட்டி, அடிச்சு, இப்பிடியாக்கி வைச்சிருக்கிறன். இல்லாட்டி ஆர் ஒரு நல்ல காரைப் பழுதாக்குவான்?"

சிரிப்பு நின்றது. எல்லாருடைய கண்ணும் என் காலுக்குத்தான் வந்தது. நான் சேலையைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டேன். அது ஏற்கனவே நிலத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஐயாவைப் பார்த்தேன். "சாகுமட்டும் வீட்டுக்குள்ளையே கிடக்கட்டோ" என்று தன்னைக் கேட்ட மகன் இவன்தான் என்று அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவர் அலவாங்கு எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அலவாங்கால் நெம்பி, தென்னங்குற்றி வைத்துத் தள்ளிக் காரை எடுத்தார்கள். உள்ளே போனதும் பெரியவர்கள் நிற்கும்போதே எனக்கு முதல் கதிரை கொண்டுவந்து போட்டார்கள். அது மரியாதைதான். எனக்கு அதில் இருக்க முடியவில்லை. இருக்காமல் விட்டால் இன்னும் பார்ப்பார்கள் என்று இருந்தேன்.

சம்பந்தம் குழம்பவில்லை. பலகாரம் தின்று, வெற்றிலை மாற்றி, நாள் பார்த்து எல்லாம் ஒழுங்காக முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவிடம் சொன்னேன்.

"அண்ணை எனக்காண்டிச் செய்யேல்லை அம்மா. கொழும்பிலை பாத்த காருக்காண்டிச் செய்தவர்."

"வெக்கத்திலை வாய்தவறிச் சொல்லிப்போட்டான். நீ அதைப் பெரிசுபடுத்தாதை. கலியாணம் நடக்கவேணும்."



கல்யாணத்துக்கு முன்னமே பிரக்கிராசியார் கொழும்பிலிருந்து புது வில்லுகள் எடுப்பித்து அனுப்பினார். தன் மகள் இழுபடுகிற காரில் போகமாட்டாள் என்று சொன்னாராம். அப்போது அச்சுவேலியில் ஒரு செத்தவீடு. நானும் அம்மாவும் அங்கே போய்ச் சனி, ஞாயிறு நின்றுவிட்டு வந்தோம். திங்கட்கிழமை காலை, தையல் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு காரடிக்குப் போய் வழக்கம்போலக் காலைத் தூக்கினேன். மிதிபலகை இருந்த இடத்தில் அது இல்லை. கால் வெறும் காற்றில் போய், பலகையின் விளிம்பில் முழங்கால் அடிபட்டது. நிமிர்ந்து பார்த்தேன். புது வில்லுகள் பூட்டி, கார் பழைய உயரத்தில் நின்றது.

அண்ணை ஊதுகுழலை அமுக்கினார். "கெதியா ஏறு, நேரம் போகுது."

"எப்பிடி ஏறுறது?"

இறங்கி வந்தார். வெளுத்த நீளக் களிசானில் என் காலடி மண் படாமல் ஒருபக்கம் சரிந்து நின்று தூக்கி உள்ளே போட்டார். முணுமுணுத்தார். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் எல்லாம் பார்த்து நிற்க, அதேமாதிரித் தூக்கி இறக்கினார். "ரீச்சருக்கு என்ன?" என்று ஒரு சின்னப் பிள்ளை கேட்டது. பெரிய பிள்ளையொன்று அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது.

சில நாள் அப்படிப் போனேன். ஒரு காலையில், "இண்டைக்கு நான் வரேல்லை" என்றேன். அண்ணை ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. மதர் ஆள் அனுப்பி விசாரித்தபோது, "அவளுக்கு அந்த வேலை பிடிக்கேல்லை" என்று அவரே சொல்லிவிட்டார். கொஞ்ச நாளில் வேறு ஒருத்தியை எடுத்துக்கொண்டார்கள்.

மச்சாள் அண்ணைக்குப் பெண்சாதியாக வந்து ஒரு வருசம் ஆகும் வரை நான் அவளோடு அதிகம் கதைக்கவில்லை. யன்னலடியில் நின்று சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி என்ற எண்ணம் என் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு நாள் அவளாகவே வந்து பக்கத்தில் இருந்து கேட்டாள்.

"மச்சாள், நீங்கள் ஏன் பள்ளிக்கூடத்துக்குப் போறதை விட்டனீங்கள்? உண்மையாப் பிடிக்கேல்லையோ?"

சொன்னேன். காய்ச்சி அடித்ததிலிருந்து எல்லாம் சொன்னேன். அவள் வாயில் கைவைத்துக் கேட்டாள்.

"உதுக்கு ஏன் காரை வெட்டிக் கொத்துவான்? ஒரு முக்காலி போட்டால் காணுமே?"

நான் அவளைப் பார்த்தபடி இருந்தேன். ஒரு முக்காலி. கீழே வைத்து, ஏறி, பிறகு எடுத்துக் காருக்குள் போட்டுக்கொள்கிற ஒரு சின்ன மர முக்காலி. அத்தனை நெருப்பும், அத்தனை அடியும், அளவெட்டியில் அந்த வேலியோரத்தில் நின்ற நிற்பும். ஒருவரும் யோசிக்கவில்லை. துருத் தேய்த்துக்கொண்டிருந்த நானும் யோசிக்கவில்லை. எனக்காகத்தான் அந்த வேலை நடந்திருந்தால் யாராவது ஒருவருக்கு அது தோன்றியிருக்கும்.

மச்சாள் தச்சனைப் பிடித்து அப்படியொன்று செய்வித்தாள். நல்ல வேப்பம்பலகை, அகன்ற கால்கள். அதை வளவில் வைத்து ஏறியும் பார்த்தேன், ஏற முடிந்தது. அண்ணை கந்தோரால் வந்து கண்டார்.

"காருக்குள்ளை முக்காலியோ? சந்தைக்குச் சாமான் ஏத்திற கார் எண்டு ஆக்கள் நினைக்கவோ?"

மச்சாள் வாதாடினாள். அழுதும் பார்த்தாள். அவர் அசையவில்லை. நான்தான் "விடுங்கோ மச்சாள்" என்றேன். இரண்டு பேருக்குள் எனக்காக ஒரு சண்டை நடப்பதும் எனக்கு வேண்டாதிருந்தது.

பிறகு உலக யுத்தம் வந்தது. பெற்றோல் பங்கீட்டுக்கு வந்து, பிறகு அதுவும் கிடைக்காமல் போனது. கார் கனநாள் வேப்பமரத்துக்குக் கீழே சும்மா நின்று, கோழிகள் அதற்குள் முட்டையிட்டன. கடைசியில் வாடகைக்கு ஓட்டுகிற ஒருவர் வந்து கொண்டுபோனார். அண்ணை சைக்கிளில் கந்தோருக்குப் போகத் தொடங்கினார். ஐயா அதற்கு முந்திய மாரியில் செத்துப்போனார். கடைசிவரைக்கும் அளவெட்டியைப்பற்றி என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் வீட்டிலிருந்தே ஊராருக்குத் தைத்தேன். ஒரு நாள் அண்ணையின் களிசான் சைக்கிள் சங்கிலியில் சிக்கிக் கிழிந்துவிட்டது. அந்த நாளில் புதுத்துணி எடுப்பது லேசில்லை. கொண்டுவந்து என் மிசினுக்குப் பக்கத்தில் வைத்தார். நூலுக்கு நூல் பார்த்து, கிழிசல் இருந்த இடமே தெரியாமல் இழையோட்டிக் கொடுத்தேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு மெய்யாகவே சந்தோசம்.

"நல்ல கை, தங்கச்சி, உனக்கு. நீ பள்ளிக்கூடத்திலை தையல் படிப்பிச்சிருக்கலாம்."

பகிடிக்குச் சொல்கிறாரோ என்று நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவருக்கு அது ஞாபகத்திலேயே இல்லை.

"ஓம்" என்றேன். அவர் களிசானை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.